கேன் தண்ணி சர்டிபிகேட்

அக்கா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விடுங்க. வெயிலுக்குச் சொல்லலைங்க, பாலம் வருது. நீங்க இந்தப் பஸ்ஸுக்குப் புதுசு என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். இந்த வழியில் போகிறவங்க எல்லாம் மில் ஸ்டாப் தாண்டினதுமே கண்ணாடியை மூடிருவாங்க. மூடியாச்சா? முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்குங்க. நிவி, நீயும் பொத்திக்கோ கண்ணு.

ம். இப்போ விடலாம். சீ! என்ன நாற்றம் பாருங்க. அழுகின முட்டையை யாரோ பினாயில் ஊற்றிக் கழுவின மாதிரி. தண்ணியின் நிறம் பார்த்தீங்களா? இன்னைக்கு ஊதா. போன தடவை வந்தபோது ரத்தச் சிவப்பு. என் மகள் பாலம் வந்தால் நிறம் சொல்லித்தான் விளையாடுவாள். மற்ற பிள்ளைகள் வானவில்லைப் பார்த்து நிறம் படிக்கும், இவள் ஆற்றைப் பார்த்தே படித்துவிட்டாள்.

எங்க வீட்டுக்காரர் அந்தத் தண்ணியைச் சுத்தம் செய்கிற இடத்தில்தான் என்ஜினீயர்.

அப்படிப் பார்க்காதீங்கக்கா. சாயப்பட்டறைத் தண்ணி எல்லாம் எங்க பிளாண்ட்டுக்கு வந்து, சுத்தம் ஆகித்தான் வெளியே போகுது. ஷீல்டு வாங்கின பிளாண்ட் அது. நான் அந்த ஷீல்டைத் தொட்டே பார்த்திருக்கேன்.

கொஞ்சம் தண்ணி குடிங்க, குமட்டல் அடங்கும். அட, கூச்சப்படாதீங்க. வாங்கின தண்ணிதான். அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பெரிய கேனில் இருந்து இந்தச் சின்ன கேனுக்கு மாற்றி எடுத்துக்கிட்டுப் போவேன். அங்கே கிணற்றுத் தண்ணி என் பிள்ளைக்கு ஒத்துக்கிறதில்லை. உங்க பாட்டில் காலியாத்தானே இருக்கு? கொடுங்க, ரொப்பித் தரேன். ஒருத்தர் தாகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாதுங்க. ஏனுங்கண்ணா, கண்டக்டரண்ணா, உங்களுக்கும் வேணுமா? பிடிங்க.

இந்தப் பழுப்புப் பாட்டிலா? இதில் ஒன்றும் இல்லைங்க, காலி. இதைப் பற்றிக் கேட்காதீங்க, வயிறு எரியுது. சரி, கேட்டுட்டீங்க, சொல்லிடறேன். நான் இறங்க இன்னும் நேரம் இருக்கு.

நான் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போகிறேன். சிரிக்காதீங்க, நிஜமாகத்தான். சிரித்துச் சிரித்துப் பேசுகிறவளுக்கும் கோபம் வரும். கோபித்துக்கொண்டு போகிற பெண்டாட்டியை ஒரு புருஷன் என்ன செய்வான்? "போகாத புள்ள" என்பான். இல்லையா, "போய்த் தொலை" என்பான். இந்த மனுஷன் படி இறங்கி ஓடி வந்தார். சரி, சமாதானத்துக்குத்தான் வருகிறார் என்று நானும் கொஞ்சம் நடையை மெதுவாக்கினேன். வந்தவர் இந்தப் பாட்டிலை என் கையில் கொடுத்து என்ன சொன்னார் தெரியுமா?

"வர்றப்ப உங்கம்மா கெணத்துத் தண்ணி இதுல கொண்டு வா. மொத வாளியக் கீழ ஊத்திரு. ரெண்டாவது வாளித் தண்ணியில பாட்டிலக் கழுவு. அப்புறம் கழுத்து வரைக்கும் ரொப்பு. உள்ள காத்து இருக்கக் கூடாது."

பெண்டாட்டி போகிறாளே என்று இல்லை. பாட்டிலுக்குள் காற்று இருக்கக் கூடாதாம்!

எல்லாம் ஒரு சர்டிபிகேட்டால் வந்தது. அவர் சுற்றுச்சூழல் என்ஜினீயர். படித்துப் பட்டம் வாங்கியாச்சு, வேலையிலும் முடி நரைக்க ஆரம்பித்தாச்சு. ஆனால் அதற்கு மேலும் ஒன்று இருக்கிறதாம், போர்டு சர்டிபிகேட். பெரிய பெரிய என்ஜினீயர்கள் சேர்ந்து ஒரு போர்டு வைத்திருக்காங்க. இந்த ஆளுக்கு நிஜமாகவே வேலை தெரியும், இவன் கையெழுத்தை நம்பலாம் என்று அவங்க சொல்ல வேண்டும். முதலில் விண்ணப்பம், அப்புறம் கூட வேலை செய்தவங்க இவனைப் பற்றி நல்லது எழுதித் தர வேண்டும், அப்புறம் பரீட்சை, கடைசியில் மூணு பேர் உட்கார்ந்து கேள்வி. சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பாங்க, நடக்க விட்டுப் பார்ப்பாங்க, திமிலைத் தட்டிப் பார்ப்பாங்களே, அதேதான். என்ன, இங்கே மாடு டை கட்டியிருக்கும்.

வாங்கிவிட்டால் பேருக்குப் பின்னால் ஏதோ எழுத்துப் போட்டுக்கலாமாம். எழுத்தை வைத்து நான் என்ன குழம்பா வைக்கப் போறேன்? எனக்கு வேண்டியது வேறே. அந்த எழுத்து இருந்தால் கோயமுத்தூரில் ஒரு கம்பெனி அவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தொட்டி கிடையாது, சேறு கிடையாது, ஆபீஸ் வேலை. நாங்க இந்தக் குவார்ட்டர்ஸை விட்டுப் போய்விடலாம். அது ஒன்றுதான் என் பிரார்த்தனை.

நீங்க அந்தக் குவார்ட்டர்ஸில் ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். சமையல்கட்டு ஜன்னலைத் திறந்தால் எதிரே தொட்டி. பழுப்பாகக் கொதிக்கிற மாதிரி நுரைத்துக்கொண்டே இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி வளர்க்கறாங்க, அதுதான் அழுக்கைத் தின்னுதாம். பூச்சிக்குத் தீனி என்ன தெரியுமா? சாணிக் கரைசலும் வெல்லமும். ஒரு நாள் அவசரம் என்று என் சமையல்கட்டில் பாயசத்துக்கு வைத்திருந்த வெல்லத்தை அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டுவிட்டார். "பூச்சிங்க பட்டினி கெடக்குது புள்ள" என்கிறார். நாங்க அன்றைக்குச் சர்க்கரை போட்டுப் பாயசம் குடித்தோம், பூச்சி வெல்லம் தின்றது.

அவர் சட்டையைத் தனியாகத்தான் துவைப்பேன். கையால் தொடமாட்டேன், குச்சியால் தூக்கி வாளியில் போடுவேன். சாப்பிட உட்காரும் முன்னால் விரலை மோந்து பார்க்கிற பழக்கம் வேறு. தொட்டித் தண்ணியைக் கையில் எடுத்து, ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, மோந்து பார்த்தே பூச்சிகளுக்கு உடம்பு எப்படி இருக்கு என்று சொல்லிவிடுவாராம். பெருமையாகச் சொல்வார். எனக்குச் சோறு இறங்காது.

நிவியின் பிறந்தநாளைக்கு அவள் கிளாஸ் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். வாசலில் வரும்போதே எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்துச்சு. கேக் வெட்டுகிற நேரம் பார்த்து ஒரு காற்று. தொட்டியில் இருந்து நுரை பிய்த்துக்கொண்டு பறந்து வந்து, சொன்னால் நம்பமாட்டீங்க, கேக் மேலே உட்கார்ந்தது. ஒரு பிள்ளை "ஐ, கிரீம்" என்று விரலை நீட்டினாள். நான் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு ராத்திரியே அவரிடம் சொல்லிவிட்டேன், எப்பாடு பட்டாவது அந்தச் சர்டிபிகேட்டை வாங்குங்க என்று.

அதற்குத் தோதாகத்தான் அந்த ஷீல்டு வந்தது. அதைச் சொல்லவில்லையே நான்.

போன பங்குனியில் மேலிடத்தில் இருந்து தண்ணி சாம்பிள் எடுக்க வராங்க என்று செய்தி. பார்த்தால் அன்றைக்குத்தான் ஏதோ பட்டறைக்காரன் எதையோ கலந்து விட்டுவிட்டான். தொட்டியில் பூச்சியெல்லாம் செத்து மிதக்குது. நாற்றம் என்றால் நாற்றம், காக்காய்கூடத் தொட்டி மேலே பறக்கலை. கடைசியில் தண்ணியை வடிக்கிற மெஷினும் ரிப்பேர். மேனேஜர் தண்டபாணி சார் வேர்த்து விறுவிறுத்துப் போய்விட்டார். எங்க வீட்டுக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். முகத்தில் ஈயாடலை.

"வீட்ல கேன் தண்ணி இருக்குதா?"

"யாருக்கு, உங்களுக்கா?"

"சாம்பிளுக்கு. சார் கேட்டாரு."

எனக்கு என்ன தெரியும்? கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். அவர் அவசரத்தில் கீழே சிந்துகிற மாதிரி ஊற்றப் போனார். "தள்ளுங்க" என்று சொல்லி நானே புனல் வைத்து ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தலை. வந்தவங்க ஆபீஸில் டீயும் முறுக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பாட்டில்கள் ரெடி. அவ்வளவுதான். இதில் தப்பு என்ன இருக்கு சொல்லுங்க? சாக்கடையையா கொடுத்தோம்? சுத்தமான தண்ணி கேட்டாங்க, சுத்தமான தண்ணி கொடுத்தோம்.

ரிசல்ட் வந்ததுங்கக்கா, அடேயப்பா! இந்தப் பக்கத்திலேயே இவ்வளவு சுத்தமாக எந்தப் பிளாண்ட்டும் தண்ணி விட்டதில்லையாம். விழா வைத்தாங்க. ஷீல்டு கொடுத்தாங்க. தண்டபாணி சாருக்கு ஆள் உயர மாலை. எனக்கும் மனதுக்குள் ஒரு சந்தோஷம். என் கேன் தண்ணிக்கு இவ்வளவு மரியாதையா என்று. மேடையில் இருந்து இறங்கி வந்து சார் எங்க வீட்டுக்காரர் தோளில் தட்டினார். "லோகு, நீ போர்டுக்கு அப்ளிகேசன் போடு, நான் எழுதித் தர்றேன். இந்த ரிசல்ட்டக் காட்டினா கண்ண மூடிட்டுக் குடுப்பாங்க" என்றார். எங்க வீட்டுக்காரர் மட்டும் அன்றைக்கு முழுக்கப் பல்வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நல்லது நடந்தால் சிரிக்கத் தெரியாத ஜென்மம்.

அப்புறம் படிப்பு. நானும் கூடவே படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பொழுதோடு நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்காருவேன். நான்தான் போர்டு சேர்மன். நிவி இன்னொரு மெம்பர், தலைகாணி மேலே உட்கார்ந்துக்குவாள். புத்தகத்தில் இருக்கிற கேள்வியை எழுத்துக் கூட்டிக் கேட்பேன், அவர் பதில் சொல்வார். பதில் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தடுமாறினால் தெரியும். தடுமாறினால் ஒரு வெங்காயத்தைத் தூக்கி எறிவேன்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவர் எப்பவும் தடுமாறுவார். "உங்களுடைய பெரிய சாதனை என்ன?" அதற்குத் தண்டபாணி சாரே அழகாகப் பதில் எழுதிக் கொடுத்திருந்தார், அந்த ரிசல்ட் எப்படி வந்தது, என்னென்ன மாற்றினோம் என்று. நான் கேட்பதும், அவர் எழுந்து போய்த் தண்ணி குடிப்பதும். எத்தனை வெங்காயம் வீணாப் போச்சு!

அப்படி இருக்கும்போதுதான் ஆடி நோம்பிப் பண்டிகை வந்தது. அம்மா வீட்டுக்குப் போனோம். அம்மா ஊர் தொட்டிக்காட்டுப்புதூர், நான் இப்போ இறங்கப் போகிற ஊர்தான். ஆற்றோரம். அம்மா காலில் வேறு சொறி, மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு அத்தனை பேருக்கும் சமைத்திருந்தது. வீடு நிறைய ஒரம்பரை, சொந்தபந்தம். மாப்பிள்ளைக்குத் தலைவாழை இலை. இவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். போனவர் வரவே இல்லை. எட்டிப் பார்த்தால், வாளித் தண்ணியைக் கையில் எடுத்து, ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, மோந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்! மாமியார் வீட்டில் வந்தும் அந்த அசிங்கப் புத்தி.

"இலை போட்டாச்சுங்க, வாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார். வாய்க்குக் கொண்டு போனார். அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"என்ன மாப்ள, காரமாப் போச்சா?" என்றது அம்மா.

"இல்லைங்கத்தை. வயிறு செரியில்ல."

அத்தனை ஒரம்பரை முன்னாலேயும்! என் சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அம்மா அடுப்படியில் போய் முந்தானையால் கண்ணைத் துடைக்குது. இந்த மனுஷன் என்னவோ ஆற்றோரமாக நடந்து போய், பேண்ட்டெல்லாம் நனைந்து, முழங்கால் வரைக்கும் அந்தச் சிவப்புத் தண்ணியோடு பொழுதுசாய வந்து நிற்கிறார். "உங்கம்மா இந்தத் தண்ணியத்தான் குடிக்குதா?" என்று கேட்கிறார். "பின்னே, உங்க ஆத்தா வீட்ல இருந்தா கொண்டு வந்து ஊத்தறாங்க?" என்றேன். துணியை நாலாக மடித்து வடிகட்டித்தான் குடிக்கும் எங்கம்மா, சுத்தக்காரி. கேன் வாங்கித் தரேன் என்றாலும் "அதுல ருசியில்ல" என்று சொல்லிவிடும். சொறி வருகிறது என்றால் வயசாகுது, வரத்தானே செய்யும். அதற்கெல்லாம் மாப்பிள்ளை சாப்பிடாமல் எழுந்து போவாரா? நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். வெங்காயம் எறிகிறதையும் நிறுத்தினேன்.

பரீட்சையில் அவர் பாஸானபோதும் பேசலை, ஆனாலும் இன்டர்வியூ நாளைக்கு மனசு கேட்கலை. கம்ப்யூட்டர் வழியாகத்தான் இன்டர்வியூ, வீட்டில் உட்கார்ந்தபடியே. நான்தான் எல்லா ஏற்பாடும். ஜன்னலை மூடி, இடுக்கில் துணி அடைத்தேன். நாற்றம் கம்ப்யூட்டருக்குள் போகாது என்று தெரியும், இருந்தாலும் ஒரு பயம். அவருக்குப் பின்னால் தண்ணி கேன் ஸ்டாண்டு அசிங்கமாகத் தெரிந்தது. என் தீபாவளிச் சேலையைப் போர்த்தி, மேலே ஒரு பூஜாடி வைத்தேன். யார் பார்த்தாலும் பெரிய வீடு என்றுதான் நினைப்பாங்க. மேலே சட்டை, டை, கீழே லுங்கி. நிவி வாயில் பிஸ்கட். நான் சமையல்கட்டு வாசலில்.

மூணு பேர் தெரிந்தாங்க. நடுவில் வெள்ளை மீசைக்காரர். பக்கத்தில் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவங்க. இன்னொருத்தர் எழுதிக்கொண்டே இருந்தார். முதலில் எல்லாம் இங்கிலீஷ். இவர் டக்கு டக்கு என்று பதில் சொல்றார். என் நெஞ்சு நிறைந்து போச்சு. மீசைக்காரர் நம்ம பக்கத்து ஆள் போல, கொஞ்ச நேரத்தில் தமிழுக்கு வந்துவிட்டார்.

"லோகநாதன், உங்க பிளாண்ட் ரிசல்ட் பார்த்தேன். அபாரம். எப்படிச் சாதிச்சீங்க? மத்த இடத்துலயும் செஞ்சு பார்க்கலாமே, சொல்லுங்க."

அதே கேள்வி. நான் வாசலில் இருந்து கரண்டியை ஆட்டுகிறேன், சொல்லுங்க சொல்லுங்க என்று. அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் நிவியைப் பார்த்தார்.

"அது எங்க பிளாண்ட் தண்ணி இல்லைங்க சார்" என்றார்.

"புரியலையே?"

"அது குடிக்கிற தண்ணி. கேன் தண்ணி." சொன்னதோடு விட்டாரா? திரும்பி, என் சேலையை ஒரே இழு. பூஜாடி விழுந்து உடைந்தது. "இந்தக் கேன்தாங்க சார்."

நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். ஆனால் அந்த மீசைக்காரர் எவ்வளவு தங்கமான மனுஷர் என்று கேளுங்க. கொஞ்சம்கூடக் கோபப்படலை. "லைன் சரியில்ல போலிருக்கு. எனக்கு எதுவும் கேக்கல. கேள்வியத் திரும்பக் கேக்கறேன், நிதானமாச் சொல்லுங்க" என்றார். இதற்கு மேல் ஒருத்தர் எப்படிக் கைகொடுக்க முடியும்? இவர் திரும்பவும் அதையே, இன்னும் சத்தமாகச் சொல்கிறார். "பதட்டமா இருக்கீங்க. எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்" என்றார் அவர். பெத்த அப்பன்கூட இப்படிப் பொறுக்கமாட்டான். இவர் நகரவில்லை.

அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்கார அம்மா வாயைத் திறந்தாங்க. "அப்படின்னா நிஜமான தண்ணி எங்க போகுது?"

"எங்க மாமியார் கெணத்துக்குங்க மேடம்."

கேட்டீங்களா? எங்கம்மாவை எதற்கு இதில் இழுக்கணும்? ஊரில் கிணறே இல்லையா? சாப்பிடாமல் வந்ததும் இல்லாமல், மானத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார். அந்த அம்மா, "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டாங்க. "எடுத்து அனுப்பறேன்" என்றார். மீசைக்காரர் பெருமூச்சு விட்டு, "திங்கக்கிழமை வரைக்கும் டைம் தர்றோம். பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார். அந்த அம்மா மட்டும், "இல்ல, ஆதாரம் அனுப்புங்க" என்றாங்க. அந்தம்மா முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கலை.

அங்கிருந்து யார் போன் போட்டாங்களோ, அரை மணியில் தண்டபாணி சார் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏம்மா, ஒம்புருசனுக்கு நீயாச்சும் புத்தி சொல்லு. ஒரு வரி. எழுதினா கோயமுத்தூரு. எழுதலைன்னா இந்த வேலையும் இருக்காது." அவர் சொன்னதில் என்ன தப்பு? நானும் அதையேதான் சொன்னேன். அழுது சொன்னேன், அதட்டிச் சொன்னேன், பிள்ளையை விட்டுச் சொல்ல வைத்தேன். "மாமா, நம்ம பொண்ணு அந்த நுரைக்கு நடுவுலயேதான் வளரணுமா?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நாம போயிரலாம். உங்கம்மா எங்க போகும்?"

பதிலா இது? கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இருக்கா? அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன்.

இப்போ நான் ஒரு முடிவு வைத்திருக்கேன், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் கிணற்றுப் பக்கமே போகப் போறதில்லை. இந்தக் கேனில் இருந்தே பாட்டிலைக் கழுத்து வரைக்கும் ரொப்பிடுவேன். அவர் மோந்து பார்ப்பார் இல்லையா, அதற்குக் கிணற்றடி மண்ணைக் கொஞ்சம் கரைத்துவிட்டால் போச்சு. டெஸ்ட்டுக்குப் போகட்டும், கிணறு சுத்தம் என்று வரட்டும். வாயை மூடிக்கொண்டு அந்த ஒரு வரியை எழுதுவார். சர்டிபிகேட் வரும். ஏற்கெனவே ஒரு தடவை ஊற்றிப் பழகின கைதானே இது, சிந்தாது.

அட, என்னங்க வண்டி நின்னுருச்சு? முன்னால் புகையா வருது. இருங்க, பார்க்கிறேன்... ஒன்றும் இல்லை, ரேடியேட்டர் சூடாயிருச்சாம். தண்ணி ஊற்றணும், அவங்க கேன் காலியாம். ஏனுங்கண்ணா, இதோ பக்கத்துலயே வாய்க்கால்ல ஓடுதே, ஒரு வாளி மொண்டு ஊத்துங்களேன்!

டிரைவர் சிரிக்கிறார் பாருங்க. என்ன சொல்றாருன்னு கேட்டுச்சா உங்களுக்கு? "அந்தத் தண்ணிய ஊத்தினா ரேடியேட்டர் அரிச்சுப் போயிரும் அம்மிணி. போன வருசம் ஒரு வண்டி அப்படித்தான் போச்சு" என்கிறார். சரி, அப்போ பக்கத்துத் தோட்டத்துக் கிணத்துல...

ம்?

இந்தப் பக்கம் எந்தக் கிணத்துத் தண்ணியும் வண்டிக்கு ஆகாதாம்.

கொடுக்காமல் எப்படி இருக்க முடியும்? வெயிலில் பஸ் நிறைய ஜனம். இந்தாங்கண்ணா, கேனையே எடுத்துக்குங்க. ஊத்துங்க. பரவால்லைங்க. பார்த்து ஊத்துங்க. அதுதான் முழுக்க வாங்கின தண்ணி, ஒன்றும் ஆகாது உங்க வண்டிக்கு.

வண்டி கிளம்பிருச்சு. நல்லவேளை.

எங்கம்மா கிணறு ஆற்றில் இருந்து தள்ளித்தான் இருக்குங்க. ஒரு தென்னை வரிசை தள்ளி. நடுவில் மண் இருக்கில்ல? அம்மா துணியை நாலாக மடித்துத்தான் வடிகட்டும். வெள்ளைத் துணி. கொஞ்ச நாளில் அது மஞ்சளாயிரும், வேறு துணி கிழித்துக்கும். அந்தத் தண்ணியில்தான் ஆடிக்கு எங்க எல்லாருக்கும் உலை வைத்தது. நான் ரெண்டு தடவை சோறு போட்டுக்கிட்டேன்.

ஏன் இந்தப் பழுப்புப் பாட்டிலையே பார்க்கறீங்க? நீங்க அப்படிப் பார்த்தால் எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.

அதோ, தெரியுதே, தென்னை வரிசை. அதுதான் எங்க ஊர். நிவி, செருப்பைப் போடு. என்ன கண்ணு? தண்ணியா? சித்த பொறு, இறங்கி... கேன் காலி சாமி. அண்ணா வண்டிக்கு ஊத்திட்டாரில்ல. அம்மாயி வீட்ல போய்க் குடிக்கலாம்.

இல்ல. அங்கே வேண்டாம்.

மொத வாளியக் கீழ ஊத்தணும். ரெண்டாவதுல கழுவணும். அப்புறம் கழுத்து வரைக்கும். அப்படித்தானே சொன்னார்? காத்து இருக்கக் கூடாது.

அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாள் என்று நினைக்காதீங்க. உங்க பாட்டில்ல நான் ரொப்பித் தந்தேனே, அதுல மிச்சம் இருந்தால் கொஞ்சம் தரீங்களா?

இந்தப் பாட்டிலுக்கு இல்லைங்கக்கா. பிள்ளைக்கு.